மதியத்துக்குப் பிந்திய ஓவர்கள்

பந்து கையை விட்டுப் புறப்படும் கணத்தில் பெனடிக்ற் அண்ணை கண்களை மூடிக்கொள்வார். மைதானத்தில் மற்றவர்கள் பந்தைப் பார்க்க, அவர் அது விக்கெற் காப்பாளரின் கையுறையில் விழும் ஓசைக்குக் காத்திருப்பார். பிறகு கண்ணைத் திறந்து, சட்டைப்பைப் பென்சிலால் தாளில் ஒரு சின்னக் கோடு போடுவார். "கண்ணை ஏமாத்தலாம். காதை ஏமாத்த ஏலாது" என்பார்.

வயது நாற்பத்தாறு. தென் லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்தில் வீடு. வார நாட்களில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை. ஞாயிறுகளில் தமிழ்க் கழகங்களின் ஆட்டங்களைப் பார்த்து, திறமையான இளைஞர்களைப் பற்றி ஒரு கவுண்டி அணிக்கு அறிக்கை எழுதி அனுப்புவார். சம்பளம் இல்லை. வருடத்துக்கு ஒரு கழுத்துப்பட்டி தபாலில் வரும். அதைக் கட்டிக்கொண்டு சனிக்கிழமைப் பின்னேரம் தேவாலயப் பூசைக்குப் போவார்.

ஆட்டத்தின்போது அவர் கை தட்டமாட்டார். எந்தத் தகப்பன் தேத்தண்ணி நீட்டினாலும் வாங்கமாட்டார். "அண்ணை, ஒருக்காச் சிரியுங்கோவன். பாஸ்போட்டோட உங்கட பல்லையும் ஹோம் ஒபிஸ் வாங்கி வச்சிருக்கோ?" என்று எங்கள் கழகக் கப்டன் சீண்டுவார்.

"நான் சிரிச்சா, ஆளை எடுத்தாச்சு எண்டு நினைப்பியள்."

இந்த ஆகஸ்டில் அவர் நகம் கடிக்கத் தொடங்கியிருந்தார். காரணம் சேகர். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் எங்கள் வேகப்பந்து வீச்சாளன். கவுண்டியின் இளையோர் தேர்வுக்கு வயது எல்லை பத்தொன்பது. சேகருக்கு இப்போது பத்தொன்பது. அடுத்த வருடம் என்று ஒன்று அவனுக்கு இல்லை. பெனடிக்ற் அண்ணை முன்பு அனுப்பிய இரண்டு பேரும் ஒரு மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டார்கள். "மூண்டாவதும் பிழைச்சா, என்ர கடிதத்தை உடைச்சும் பாக்கமாட்டாங்கள்" என்று மனைவி டொலறஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும்.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: நாளின் பிற்பகுதியிலும் இதே வேகத்தில் வீசுவாரா? அந்தக் கட்டம் மட்டும் நிரம்பவில்லை. மூன்று ஞாயிறு பார்த்தார். காலையில் சேகரின் பந்து பலகை முறியும் ஓசையோடு கையுறையில் விழும். மதிய இடைவேளைக்குப் பிறகு நாலாவது ஓவரிலேயே கால் தள்ளாடும். பந்து சோர்ந்து தவழும். மூன்றாம் ஞாயிறு அவர் பென்சிலால் எழுதினார்: மதியத்துக்குப் பின் வலு இல்லை. எழுதிவிட்டு அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டிருந்தார்.

அன்று டொலறஸ் அக்கா மீன் கட்லற் கொண்டுவந்திருந்தார். சேகரிடம் நீட்டினார். அவன் வேண்டாம் என்றான்.

"பயப்பிடாதையும் தம்பி, இது லஞ்சமில்லை. இவருக்கே நான் ரெண்டுதான் குடுக்கிறனான்."

ஓட்டக் கணக்கு எழுதும் சிவனேஸ்வரி அக்கா தலையை நிமிர்த்தினார். "அவனுக்கு நீட்டாதேங்கோ. ஆவணி ஞாயிறு விரதமெல்லோ? பின்னேரம் கோயிலுக்குப் போட்டு வந்துதான் ஒரு நேரம் சாப்பிடுவான். தாய்க்கு வாக்குக் குடுத்திட்டு வந்தவன்."

பெனடிக்ற் அண்ணை தாளிலிருந்து விரலை எடுத்தார். சைவ வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவர். அயலில் ஆவணி ஞாயிறுகளில் அடுப்பு ஒரு நேரம் மட்டும் எரிவதைச் சின்ன வயதில் கண்டவர். மூன்று ஞாயிறும் அது அவருக்கு நினைவே வரவில்லை.

"காலமையிலயிருந்து பச்சைத்தண்ணியோடயோ நிக்கிறாய்?"

"ஓம் அண்ணை."

"மாதாவே! மூண்டு கிழமையா நான் இவன்ர வெறும் வயித்தையெல்லோ அளந்திருக்கிறன்!"

எழுதியதை அழித்தார். தாள் கிழியுமளவுக்கு அழித்தார். ஆனால் வேறொன்றும் எழுதவில்லை.

"மற்ற நாளில எனக்கு ஏலும் அண்ணை. அப்பிடியே எழுதுங்கோ" என்றான் சேகர்.

"காணாததை எழுதமாட்டன். விரதத்தை விடு எண்டும் சொல்லமாட்டன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வா."

செவ்வாயன்று வேலை முடிந்து நேரே புல்வெளிக்கு வந்தார். சேகர் பந்தோடு நின்றான். எங்கள் விக்கெற் காப்பாளருக்கு அன்று வேலை ஷிப்ட். கழகப் பையிலிருந்து கையுறையை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார்.

"என்ன சாப்பிட்டனி?"

"சோறும் கணவாய்க் கறியும்."

"எத்தினை கோப்பை சோறு?"

"ரெண்டு."

"பன்ரெண்டு ஓவர். இடையில குந்தி இருக்கிறேல்லை."

ஸ்ரம்புகளிலிருந்து பதினான்கு அடி வைத்துப் பின்னால் போய், சப்பாத்துக் குதியால் நிலத்தில் கோடு கீறி அதில் நின்றார். வேகம் குறைந்தால் பந்து அவரை எட்டாது. அவர் முன்னே வரவேண்டியிருக்கும். எட்டு ஓவர்கள் அவர் அந்தக் கோட்டை விட்டு அசையவில்லை. ஒன்பதாவதில் ஒரு பந்து அவருக்கு முன்னால் குத்தி உருண்டது. அவர் அரை அடி முன்னால் வந்தார். சேகர் அதைக் கண்டான். சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓடத் தொடங்கும் இடத்துக்கு மெல்ல நடந்தான்.

பதினோராவது ஓவரின் இரண்டாம் பந்து கையுறையில் அறைந்ததும் பெனடிக்ற் அண்ணை "அம்மா!" என்று கத்திவிட்டார். கையுறையைக் கழற்றினார். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

"நிப்பாட்டட்டோ அண்ணை?"

"ஆர் உன்னை நிப்பாட்டச் சொன்னது?"

கையை இரண்டு தரம் ஊதினார். கையுறையை மாட்டினார். திரும்பி நடந்து, கீறிய கோட்டைத் தாண்டி, இன்னும் இரண்டு அடி பின்னால் போய்க் குந்தினார்.