தரை ஆடினால் வெளியே வா

என் தங்கையை, பிள்ளையைக் கொன்றவள் என்று அவளுடைய மாமியார் சொன்னார். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்த பிறகு, தங்கை மகளின் முப்பத்தோராம் நாள் செபம் அலுவிகாரையில் என் வீட்டில் நடந்தது. செபம் முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது, எல்லார் முன்னாலும் சொன்னார்.

நாங்கள் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். அடைமழையில் மேலிருந்து மண் சரியும். தரை ஆடினால் உள்ளே நிற்காதே, வெட்டவெளிக்குப் போ என்பது எங்கள் உடம்பில் ஊறிய பழக்கம். திருகோணமலைப் பக்கம் ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அந்தப் பழக்கத்தையும் தங்கை கொண்டுபோனாள். அன்று காலை அடுப்படியில் பானை லேசாக ஆடியதாம். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அந்த ஊரில் வெட்டவெளி என்றால் கடற்கரைதான். "உள்ள போகாத, இங்கயே விளையாடு" என்று பிள்ளையை மணலில் வைத்துக்கொண்டாள். மறுபடி ஆடுமோ என்ற பயத்தில் அங்கேயே இருந்தாள்; பிறகு கடல் வந்தது. இவள் ஒரு தென்னையைப் பிடித்துப் பிழைத்தாள். பிள்ளை போய்விட்டது.

"நான் பூசைக்குப் போகேக்க பிள்ளை வீட்டில நித்திரை. இவள்தான் கொண்டுபோய்க் கடலுக்குக் குடுத்தவள்" என்றார் மாமியார். தங்கையின் புருஷன் தலையைத் தூக்கவே இல்லை.

எங்கள் சித்தப்பா வேறு குறுக்கே வந்தார். "ஞாயித்துக்கிழமை பூசைய விட்டா ஆண்டவரு சும்மா இருப்பாரா?"

"வாய மூடுங்க சித்தப்பா. பூசையில நின்னவங்களுந்தான் செத்தாங்க. நீங்க கோயில் பக்கம் போயி எத்தன வருசம்?" என்றேன் நான்.

நான் தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறிக்காரன். படிப்பாளி இல்லை. யாரை அடிப்பது என்று தெரியாத கோபத்தில் என் மகளின் புவியியல் புத்தகத்தில் எரிமலை, பூமியதிர்ச்சிப் பாடத்தை எடுத்துப் படித்திருந்தேன். அந்தப் பாடம் எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. "நம்ம நாட்டுல எரிமலை இல்ல, சோதனைக்கு வராது" என்று வாத்தியார் தாண்டிப் போய்விட்டார்.

படித்ததை அங்கேயே சொன்னேன். நாம் நிற்கிற தரை ஒரு பெரிய பாறைத் தகட்டின் மேல் இருக்கிறது. அந்தத் தகடு, நகம் வளர்கிற வேகத்தில் நகர்ந்து, சுமாத்திராப் பக்கத்தில் இன்னொரு தகட்டின் அடியில் இறங்குகிறது. ஆழத்துக்குப் போனதும் அதில் ஊறிய நீர் வெளியேறுகிறது. அதனால் மேலே உள்ள சூடான பாறை உருகிக் கிளம்புகிறது. அந்தப் பக்கம் எரிமலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். இரண்டு தகடும் உரசும் இடத்தில் சிக்கிக்கொண்டால், கீழே போகிற தகடு மேலே இருக்கிற தகட்டின் ஓரத்தையும் இழுத்து வளைக்கும். பாரம் ஏற்றிய லொறி ஸ்பிரிங் மாதிரி. ஒருநாள் சிக்கு விடும். ஓரம் துள்ளும். கடலடி துள்ளினால் தண்ணீர் சும்மா கிடக்குமா?

"அங்க துள்ளின தண்ணி இங்க வந்துசேர ரெண்டு மணித்தியாலம் கிட்ட ஆச்சு. அதுக்குள்ள, எச்சரிக்க வேண்டியவன் ஒருத்தனும் நமக்குச் சொல்லல. குத்தம் சொல்லணும்னா அவனுங்களச் சொல்லுங்க."

"உந்தக் கதையால பிள்ளை வருமோ?" என்றார் மாமியார்.

"வராது."

தங்கை அன்றுதான் வாயைத் திறந்தாள். "அண்ணே, உள்ளயே வச்சிருந்தா?"

பிள்ளையின் உடலைத் தேடி நான் அங்கே போயிருந்தேன். "எந்த வீட்டுக்குள்ள? அத்திவாரந்தான் கிடக்கு. நீங்களும் பாத்தீங்கதானே மாமி?"

அவர் பார்த்திருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"திரும்பவும் வருமோ?" என்று கேட்டார்.

"வரும். தகடு நிக்காது. எப்பன்னு எவனுக்கும் தெரியாது."

மாமியாருக்கு இளைய மகன் வழியில் இரண்டு பேரப்பிள்ளைகள் மிச்சம். அவர்கள் இருக்கும் அகதிமுகாமும் கரைக்குப் பக்கத்தில்தான். அவர் என்னைக் கேட்கவில்லை. தங்கையின் பக்கம் திரும்பினார்.

"அப்ப தரை ஆடினா எங்க ஓடுறது பிள்ள?"

"கடலுக்கு முதுகக் காட்டிட்டு ஓடுங்க மாமி. மேடு கிடைக்கிற வரைக்கும் நிக்காதீங்க. யாராவது சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க."

சொன்ன வார்த்தைக்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது, பஸ்ஸில் தன் பக்கத்து ஆசனத்தில் பையை வைத்துக்கொண்டு, என் தங்கை ஏறும் வரை யாரையும் அதில் உட்கார விடவில்லை.