ஒரே கார், இரண்டு பெட்டிகள்

எங்கள் தொழிற்கூடத்துச் சுவரில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களின் படம் ஒட்டியிருக்கிறது. தரையை உரசுவது போலத் தாழ்ந்தவை, இரண்டு பேர்தான் உட்காரலாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் இரண்டு சேர்ந்து ஒரே காரை உருவாக்கி, ஆளுக்கொரு பெயரில் விற்கின்றன. வாங்குகிறவர்கள் குறைவு என்பதால் செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்களாம். முகப்பும் விளக்கும் வேறு. கதவும் கண்ணாடியும் ஒன்று. கண்ணாடி ஓரத்தில் மழைநீர் இறங்காமல் தடுக்கும் ரப்பர் பீடிங்கும் ஒன்று. அந்த பீடிங்கைத்தான் நாங்கள் செய்கிறோம்.

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பிறகு, அனுப்பும் சரக்கை எண்ணிக் கையெழுத்துப் போட என்னை வைத்துக்கொண்டார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். பஸ்ஸில் ஏறுகிறவர்களையும் எண்ணுவேன். ஒரு தலை குறைந்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

பேக்கிங்கில் ஒரு பெண் இருந்தாள். பெரிய காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம். கணவர் இல்லை, பள்ளிக்குப் போகும் இரண்டு மகள்கள் அவளை நம்பித்தான் இருந்தார்கள். ஒப்பந்த வேலை. அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். சூப்பர்வைசருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

அன்று துறைமுகத்துக்குப் போகும் லாரி வாசலில் நின்றது. இரண்டு கம்பெனிப் பெட்டிகளையும் இரண்டு முறை எண்ணினேன். சரியாக இருந்தது. காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர், ஒவ்வொரு பீடிங்கிலும் அச்சிட்ட பேட்ச் நம்பர் எதற்கு என்று விளக்கிக்கொண்டிருந்தார். எங்காவது ஒரு காரில் தண்ணீர் இறங்கினால், அந்த நம்பரை வைத்துத்தான் மற்ற கார்களைத் திரும்ப அழைப்பார்கள். இரண்டு கம்பெனிக்கும் தனித்தனி பேட்ச்.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"சார், கையெழுத்துப் போட்டுடாதீங்க. நேத்து ஒரு கம்பெனிப் பொட்டில இருபது கொறைஞ்சுது. பக்கத்துல இருந்த இன்னொரு கம்பெனி டிரேலருந்து எடுத்துப் போட்டேன். சாயங்காலம் மொதக் கம்பெனி சரக்கு வந்ததும் அதுல இருபதை அந்த டிரேல போட்டு நேர் பண்ணிட்டேன்."

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"எங்க வீட்ல ஒரே பாவு நூல்ல மூணு பொடவ நெய்வோம் சார். ஒண்ணு ஒரு கடைக்குப் போவும், இன்னொண்ணு வேற கடைக்குப் போவும். அவங்கவங்க பொட்டில போட்டு விப்பாங்க. இதுவும் அப்பிடித்தான்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் எண்ணினேனே தவிர, நம்பரைப் படிக்கவில்லை. பெட்டி என் கையெழுத்தோடு கப்பல் ஏறியிருக்கும். அவளும் வேலை நிரந்தரமாகி நிம்மதியாக இருந்திருப்பாள்.

மேனேஜரிடம் போனோம். இவளை இன்றே அனுப்பிவிட வேண்டும் என்றார் சூப்பர்வைசர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் ரெண்டு வாட்டி எண்ணினீங்க. எண்ணி என்ன சார் புண்ணியம்?" என்றார். இந்தத் தப்பு எந்த எண்ணிக்கையிலும் அகப்படாது, அவள் சொன்னதால்தான் தெரிந்தது என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னேன்.

மேனேஜர் லாரியை நிறுத்திவைத்தார். பெட்டிகள் எல்லாம் திறக்கப்பட்டன. பேக்கிங்கில் இருந்த அத்தனை பேரும் டீக்குக்கூடப் போகாமல் ஒவ்வொரு பீடிங்காக நம்பரைப் படித்துப் பிரித்தார்கள். ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பையன் மட்டும், "அக்கா, அடுத்த வாட்டி ரெண்டு காருக்கும் ஒரே பேரா வெக்கச் சொல்லு" என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மாறிய நாற்பதும் கிடைத்தன. பஸ் எங்களுக்காகக் காத்திருந்தது.

அவள் கடைசியாக மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன்.

"தெரியாம செஞ்சே. தெரிஞ்சதும் சொன்னே. இந்த வேலைக்கு அந்த மாதிரி ஆளுதாம்மா வேணும்."

மாதக் கடைசியில் அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. சூப்பர்வைசர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அன்று காலை அவர் பேட்ச் நம்பரை விளக்கியிராவிட்டால் அவளுக்குத் தன் தப்பே தெரிந்திருக்காது; அவருக்கும் என் நன்றி உண்டு.

இப்போதும் இரண்டு முறை எண்ணுகிறேன். எண்ணி முடித்த பிறகு, கையெழுத்துப் போடுமுன் அவளைப் பார்த்து, "சரியாம்மா?" என்று கேட்கிறேன். "சரி சார், போடுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் பேனா மூடியைத் திறக்கிறேன்.