மருமகளின் மஞ்சள் அடுக்கு

என் மருமகள் பாறை ஆய்வாளர். காலுக்கு அடியில் எந்தக் கல்லின் மேல் எந்தக் கல் கிடக்கிறது என்று பார்த்து, பிரித்து, பெயர் வைத்து, வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது அவள் வேலை. கல்யாணமான புதிதில் மண்ணைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். விசேஷமோ என்று நான் பூரித்துப் போனேன். "அட போங்கத்தை, பல்லுல நறநறன்னா வண்டல், வழுக்குனா களிமண்ணு. அதைத்தான் பாக்கறேன்" என்றாள். பூரிப்பு அதோடு போயிற்று.

இந்தப் பக்கத்து மணற்கல் முழுவதும் ஒரே அடுக்கு என்றுதான் முன்பு எழுதி வைத்திருந்தார்கள். அடியில் கிடக்கும் சிவப்பு வேறு, மேலே கிடக்கும் மஞ்சள் வேறு என்று சொன்னவள் இவள்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் கனத்துக்குக் களிமண் ஓடுகிறது. சிவப்பு படிந்து ஓய்ந்து, வெகுகாலம் கழித்தே மஞ்சள் படிந்தது என்பதற்கு அதுதான் சாட்சியாம். அவளுடைய மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே குடும்பத்தை ஏம்மா ரெண்டாப் பிரிக்கிறே?" என்று ஓய்வு பெறும்வரை கிண்டல் செய்தார். இருந்தாலும் மஞ்சள் தனி அடுக்காக வரைபடத்தில் ஏறியது. கூடத்துச் சுவரில் அதை மாட்டியவள் நான்.

போன வருடம் ஊருக்கு வடக்கே தண்ணீருக்காகத் துளை போட்டு, உள்ளிருந்து வந்த கல் உருளைகளைப் பெட்டி பெட்டியாகக் கிடங்கில் வைத்தார்கள். அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் அங்கே போனேன். தரையில் உட்கார்ந்து உருளைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு மெல்ல மெல்ல வெளுத்து மஞ்சளாகிறது. நடுவில் களிமண் இல்லை.

"ஒரு துண்டு தொலைஞ்சிருக்கும்மா" என்றேன்.

"களிமண்ணு கரைஞ்சு போறது உண்டுங்க மேடம்" என்றார் பக்கத்தில் நின்ற, துளை போட்டவரும்.

அவள் உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். உடைந்த தட்டு சேர்வதுபோல் எல்லாம் சேர்ந்தது. எதுவும் தொலையவில்லை.

"ஒரே அடுக்குதான் அத்தை. சார் சொன்னது சரி."

"அதை நீயா ஏன் சொல்லணும்? வேற எவனாவது கண்டுபிடிக்கட்டுமே!"

"அதான் கண்டுபிடிச்சாச்சே. நான்தானே கண்டுபிடிச்சேன்."

வீட்டுக்கு வந்தும் நான் விடவில்லை. அவளும் மசியவில்லை. ஓய்வு பெற்ற அந்த மேலதிகாரிக்குத் தானே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"என்னம்மா, தனிக்குடித்தனம் கலைஞ்சுதா?" என்று அவர் சிரித்தது அடுப்படி வரை கேட்டது.

"கலைஞ்சுது சார். ஆனா களிமண்ணு இருக்கிற தெற்குப் பக்கம் மட்டும் மஞ்சளுக்குத் தனி ரூம் உண்டு. உட்பிரிவா வச்சுக்கறேன்."

புது வரைபடம் வந்தது. எங்கும் சிவப்பு, தெற்கே மட்டும் கொஞ்சம் மஞ்சள் கோடு. பழையதைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

"தப்பான படம் வீட்ல தொங்கக் கூடாது அத்தை."

"எழுத்தே தெரியாத எனக்குத் தப்பு எங்க தெரியப்போகுது? இங்க கொடு!"

பிடுங்கி வாங்கி, என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் விரித்திருக்கிறேன், மஞ்சள் மேலே தெரிகிற மாதிரி.