எடுக்கக் கூடாத ரிங்

திருப்பதியில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. தினமும் சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். இந்த வயதுக்குள் நான் முழுசாகக் கற்றுத் தேர்ந்த ஒரே தொழில் பயப்படுவது.

மேசையில் ஒரு பழைய போன் இருந்தது. ஊர்ப்பக்கத்து நோயாளிகள் பஸ் ஏறியதும் அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். எடுக்க மாட்டோம். நம்பரைப் பார்த்துப் படுக்கையை விரித்து வைப்போம். ரிங் வராவிட்டால் அவர் முறை, காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும். பேசினால் காசு போகும் காலம் முடிந்துவிட்டது, பழக்கம் மட்டும் முடியவில்லை.

பிறகு போன், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மெயில் எல்லாம் ஒரே திரையில் வரும்படி புது ஏற்பாடு வந்தது. “இனிமே ஒரு கால்கூட மிஸ் ஆகாது சார்” என்றார் அதை மாட்டிய கம்பெனிக்காரர். அப்போதே பயந்திருக்க வேண்டும். தேவையான சமயத்தில் எனக்குப் பயம் வருவதில்லை.

மறுநாள் காலை புத்தலப்பட்டு பெரியவரிடமிருந்து ரிங் வரவில்லை. வேர்க்கடலை போடும் விவசாயி. ஒரு முறைகூடத் தவறாதவர். போன தடவையே கால் வீங்கியிருந்தது. முறை தவறினால் நுரையீரலில் நீர் ஏறிவிடும். திரையில் என்னென்னவோ மின்னியது, அவர் மட்டும் இல்லை.

“படுக்கையை அடுத்தவங்களுக்குக் குடுத்துடட்டுமா?” என்று நர்ஸ் கேட்டார்.

அவர் நம்பருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அதற்குள் என் மனம் மாலை வாங்கி, எந்தச் சட்டையில் போவது என்பதுவரை போய்விட்டிருந்தது. வீட்டு நம்பரைப் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

“அம்மா, அவரு... இருக்காரா?”

“இன்னா நைனா, காலங்காத்தால இப்டிக் கேக்கற? பஸ்ல வந்துக்கினு இருக்காரு. எனக்கு ரிங் வந்துச்சே, ஒனக்கு வர்ல?”

படுக்கையைப் பிடித்து வைத்தேன். சற்று நேரத்தில் துணிப்பையோடு வந்து நின்றார்.

“வூட்ல இப்பத்தான் போன்ல சொன்னா. ஒனக்கும் குடுத்தேம்பா. எவளோ ஒரு பொண்ணு எடுத்து நமஸ்காரம்னுது. தெலுங்குக்கு ஒன்னு அமுக்கு, தமிழுக்கு ரெண்டு அமுக்குன்னுது. பயந்து கட் பண்ட்டேன். ஒன்ன வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“தூக்கினா நல்லதுதானே மாமா? குரலாச்சும் இனிப்பா இருக்கும்.”

“அது பயந்துக்கினு வூட்டுக்கு போன் பண்ணுமா?”

பேசாமல் துண்டிக்கப்படும் அழைப்புகளைப் புதுத் திரை குப்பையென்று ஒதுக்கிவிடும் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றே அவருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். காலையில் என் சட்டைப்பை அதிர்ந்து அதிர்ந்து அடங்கும். ஒவ்வொரு முறை அடங்கும்போதும் ஓர் ஆள் உயிரோடு பஸ் ஏறிவிட்டார் என்று அர்த்தம்.

மழைக்காலத்தில் ஒரு காலை அவர் நம்பர் வந்தது. விரிப்பை எடுக்க எழுந்தேன். ரிங் அடங்கவில்லை; அடித்துக்கொண்டே இருந்தது. அவர் நம்பரிலிருந்து எடுக்க வேண்டிய அழைப்பு அதுவரை வந்ததே இல்லை. விரிப்பைக் கையில் பிடித்தபடியே எடுத்தேன்.

“நைனா,” என்றார் அந்த அம்மா. “இன்னிக்கு அந்தப் படுக்கைய யாருக்காச்சும் குடுத்துடு.”