நனைந்தால் கனக்கும் களிசான்

மற்றக் கடைக்காரருக்கு ஆள் வாங்காமல் போனால் பயம்; தடித்த டெனிமிலும் கன்வஸிலும் ஆண்களுக்குக் களிசான் தைத்து விற்கும் எனக்கு, ஆள் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் பயம் தொடங்குகிறது. ஏதோ ஒரு கடையைத் திறந்து வைத்துவிட்டு, விற்ற சாமான் எந்த நேரம் திரும்பி வருமோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் கடை செட்டிபாளையத்தில் பிரதான வீதியோரம் இருக்கிறது. பின்கதவால் இறங்கி நடந்தால் மட்டக்களப்பு வாவி. கட்டாரில் வேலை உடுப்புத் தைக்கும் ஆலையொன்றில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து நானும் மனைவி மலரும் இதைத் தொடங்கினோம். நாங்கள் எடுப்பது பழைய நாடாத் தறியில் ஒடுக்கமாக நெய்த துணி. அதன் ஓரம் நூல் பிரியாமல் தறியிலேயே கட்டி வரும். அந்தக் கரையைக் காலின் வெளித்தையலில் வைத்துத் தைப்போம். காலை மடித்துவிட்டால் கரையில் ஓடும் சிவப்பு நூல் தெரியும். பலர் அந்த நூலுக்காகவே வாங்குகிறார்கள்.

கடை படுக்கத் தொடங்கிய நேரத்தில், பாசிக்குடாவில் ஒரு விடுதி தன் படகோட்டிகளுக்கு எங்கள் கன்வஸ் களிசான் வேண்டும் என்று கேட்டது. பிடித்துக்கொண்டால் தோட்டக்காரர், காவலாளிகள் எல்லோருக்கும் எடுப்பார்களாம். அது தவறினால் கடையைப் பூட்டிவிட்டு ஐம்பத்து நான்கு வயதில் நான் மறுபடியும் கட்டாருக்குப் போக வேண்டும். கீழே வருபவை எல்லாம் அந்த ஓடருக்குத் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தவை.

ஆளில்லாமல் நிற்பது

புதுக் கன்வஸில் ஆலைக் கஞ்சி இருக்கும். துவைக்காத களிசான் தகரம் மாதிரி விறைத்திருக்கும். அறுவடை மெசின் ஓட்டும் ஒருவர், வயல் வட்டையில் வேலை முடிந்து சேறு காயாத காலோடு கடைக்கு வந்தார். முள்ளும் வைக்கோலும் குத்தாத களிசான் வேண்டும் என்றார். ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைக்குள் அங்கும் இங்கும் நடந்தார். தொடையும் தொடையும் உரசும் சத்தம் எனக்கே கேட்டது. குந்திப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டார். அதற்குக் கீழே முழங்கால் போகவில்லை.

"கொஞ்ச நாள் போட்டா உங்கட உடம்புக்குப் பழகிரும்" என்றேன். எல்லோருக்கும் சொல்வதுதான். பொய்யும் இல்லை. ஆனால் சொல்லும்போது படகோட்டிகளின் ஞாபகம் வந்தது. அவர்கள் நின்றுகொண்டுதானே ஓட்டுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அவர் களிசானைக் கழற்றி நிலத்தில் வைத்தார். அது விழவில்லை, அப்படியே நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆள் இல்லாமலே இது தனிய நிக்கிதே அண்ணன். மறுகா நான் எதுக்கு?" என்றுவிட்டுப் போனார்.

பூட்டு

எங்கள் களிசானுக்கு ஸிப் கிடையாது, பித்தளைப் பொத்தான்தான். மலர் பொத்தான் துளையை இறுக்கமாகக் கட்டுவாள். தளர்ந்த துளை இந்தத் தொழிலுக்கு மானக்கேடு.

காத்தான்குடியில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்களிடம் வாங்கிய டெனிமைப் போட்டுக்கொண்டு கல்முனைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தார். வழியில் இரண்டு இளநீர் குடித்திருக்கிறார். அவசரம் தாங்காமல் எங்கள் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடி வந்தார். பொத்தான் அசையவில்லை. வியர்வையில் துணி ஊறித் துளை இன்னும் இறுகியிருந்தது. மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முன்னால் முழந்தாளிட்டு இரண்டு பெருவிரலாலும் தள்ளுகிறேன், நகம் மடிகிறது. உடுப்பு மாற்றும் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து மலர், "கீழ இருந்து கழட்டுங்க, மேல இருந்து இல்ல!" என்று கத்துகிறாள். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் தன் உடுப்புக்குள் அகப்பட்டுக்கொண்டால் எப்படி முழிப்பான் என்பதை மிகக் கிட்டத்தில் இருந்து பார்த்தேன்.

ஒருவாறு கழன்றது. அவர் பின்பக்கம் ஓடினார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார்: "டெயிலர், பூட்டு நல்லா இரிக்கி. திறப்பத் தாறத்துக்குத்தான் மறந்திட்டீங்க."

வெள்ளைக் கதிரை

டெனிமின் நீலம் முதல் சில கிழமைகள் கழன்று பிடிக்கும். வெள்ளையில் இருக்காதீர்கள் என்று வாங்குகிறவர் எல்லோருக்கும் சொல்லி அனுப்புவேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருக்கும் ஒருவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, புதுக் களிசானோடு நேரே பெண் பார்க்கப் போனார். பெண் வீட்டில் வெள்ளை மெத்தை வைத்த கதிரை. தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பியபோது அவர் இருந்த இடம் நீலமாக, வட்டமாக, தெளிவாகத் தெரிந்தது.

அவருடைய அக்கா எனக்குப் போன் எடுத்து அழுதார். நான் மோட்டார் சைக்கிளில் அங்கே போனேன். சவர்க்காரமும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தேன். நீலம் பரந்தது. பெண்ணின் மாமி, சித்தி, பக்கத்து வீட்டார் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு முழத் துணியால் ஒரு கலியாணத்தைக் குழப்பிவிட்டேன் என்றே நினைத்தேன். பெண்ணின் தகப்பன் வந்து குனிந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும்.

"விடுங்க தம்பி, தேய்க்காதீங்க. எப்பிடியும் இஞ்ச வந்துதானே இரிக்கப் போறார். முன்னுக்கே இடம் பிடிச்சிட்டார்" என்றார்.

முழங்கால் மடியவில்லை

படகோட்டிகளில் மூத்தவர் சுதன். நாற்பது வயதிருக்கும். அளவு கொடுக்க வந்தவர்களில் அவர்தான் அதிகம் சந்தோசப்பட்டார். மாதிரிக் களிசானைப் போட்டு, சிவப்பு நூல் தெரிய மடித்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். பேச்சுவாக்கில், விருந்தினரைப் பவளப் பாறைக்கு அப்பால் ஆழத்துக்குக் கூட்டிப் போவோம் என்றார். உயிர்காப்பு அங்கி போடுவீர்களா என்று கேட்டேன். "அது வெள்ளக்காரருக்கு அண்ணன். நாங்க அதுக்கு மேல இரிக்கிறது" என்றார்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. களிசான்களைத் தைத்து முடித்து மடித்து அடுக்கிவிட்டேன், ஆனால் அனுப்பப் பொதி கட்டவில்லை. ஒரு பின்னேரம் மலருக்குச் சொல்லாமல் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாவிக்கு இறங்கினேன். பக்கத்து வளவில் இருந்து இறால் பிடிக்கப் போகும் தம்பிப்பிள்ளையிடம், ஆழமான இடத்துக்குத் தோணியை விடச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். களிசானைப் பார்க்க என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார்.

குதித்தேன். தண்ணீருக்குள் பாரம் தெரியாது என்பார்கள். உண்மைதான், பாரம் தெரியவில்லை. முழங்கால்தான் மடியவில்லை. இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு உதைப்பது போல இருந்தது. கையால் மட்டும் அடித்தேன். கழற்றிவிடலாம் என்று பொத்தானில் கை வைத்தேன். நனைந்த துளை விரலுக்கு இடம் கொடுக்கவில்லை. கையைக் கீழே கொண்டுபோனபோது தலை உள்ளே போனது. உவர்த்தண்ணீர் மூக்கில் ஏறியது. எத்தனை பேருக்கு இதைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன் என்பது மட்டும் நினைவில் வந்தது. தம்பிப்பிள்ளை தோணி ஊன்றும் கம்பை நீட்டினார். பிடித்தேன். உள்ளே ஏறும்போதுதான் பாரம் வந்தது. யாரோ காலைப் பிடித்துத் தொங்குவது போல. அவர் என் இடுப்பில் பிடித்து இழுத்து, தோணிக்குள் போட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"அண்ணன், இத நீங்க ஆக்களுக்குத் தைக்கிறீங்களா, தோணிக்கி நங்கூரமாத் தைக்கிறீங்களா?"

மலர் கேட்டது

பின்கதவால் சொட்டச் சொட்ட வந்தேன். மலர் பொத்தானைக் கழற்றித் தந்தாள், ஊசியின் பின்பக்கத்தால் நெம்பித்தான் கழற்ற முடிந்தது. அவளே கட்டிய துளை. நடந்ததைச் சொன்னேன். அவள் களிசானைப் பிழிந்தாள். பிழிய முடியாமல் அதன் ஒரு காலை என் கையில் தந்தாள், இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினோம். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். கஞ்சி போகத் துவைத்து, முழங்காலோடு வெட்டி, ஸிப் வைத்து ஒன்று தைத்தோம். அதைப் போட்டுக்கொண்டு நான் மறுபடி தண்ணீரில் இறங்கினேன், இந்த முறை இடுப்பளவு தண்ணீரில், மலர் கரையில் நிற்க. கால் நன்றாக மடிந்தது. பார்ப்பதற்கு மட்டும் சந்தையில் தொங்கும் காற்சட்டை மாதிரி இருந்தது.

"இஞ்சாருங்க, இதக் காட்டினா ஓடர் போயிரும். காட்டாட்டி உங்களுக்கு நித்திர போயிரும். எது பரவாயில்லையெண்டு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

விழாத படகு

தைத்து வைத்த களிசான்களோடு முழங்காலோடு வெட்டியதையும் எடுத்துக்கொண்டு பாசிக்குடா விடுதிக்குப் போனேன். மனேஜர் மட்டக்களப்பு நகரத்துப் பிள்ளை, மரியாதையானவர். கட்டையானதை மேசையில் வைத்து விசயத்தைச் சொன்னேன். நீளமானதைத் தோட்டக்காரருக்கும் காவலாளிகளுக்கும் எடுங்கள், படகில் போகிறவர்களுக்கு இது போதும் என்றேன். அவர் கட்டையானதைத் தொடவும் இல்லை. விருந்தினர் படம் எடுப்பது படகோட்டிகளைத்தான், அவர்களுக்கு இல்லையென்றால் மற்றவர்களுக்கு எதற்கு என்றார். பாசிக்குடாக் கடல் எவ்வளவு தூரம் போனாலும் இடுப்பளவுதானே என்றார். பாறைக்கு அப்பால் அப்படி இல்லை என்றேன். அவர் ஜன்னலால் கடலைப் பார்த்தார். கடல் அன்று தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடந்தது, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தது போல. சரி, அப்படியே எடுங்கள் என்று சொல்ல என் வாய் ஒரு கணம் திறந்ததும் உண்மை. எப்படி மூடினேன் என்று தெரியவில்லை.

மனேஜர் எழும்பிக் கை தந்தார். "விழுறத நினைச்சு உடுப்புத் தைச்சா, பிறகு எங்கட படகில சனம் ஏறுமா?" என்றார்.

வாசலில்

ஓடர் போய்விட்டது. கொழும்பில் இருந்து ஏதோ மெல்லிய துணியில் எடுத்தார்கள் என்று கேள்வி. நான் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச மலருக்கும் விருப்பமில்லை, எனக்கும் இல்லை. அன்று விடுதி வாசலில் நடந்ததுதான் இன்னும் அறுக்கிறது.

களிசான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். படகோட்டிகள் அங்கே நின்றார்கள். அன்றைக்குப் புது உடுப்பு வரும் என்று சொல்லி வைத்திருந்தார்கள் போலும், சிலர் சப்பாத்துக் கூடத் துடைத்திருந்தார்கள். சுதன் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாவியில் எனக்கு நடந்ததைச் சொன்னேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்திருக்கிறேன், அதனால்தானே அடுத்த வார்த்தை அப்படிச் சுட்டது. அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னார்:

"அண்ணன், உங்களுக்கு நீந்த ஏலாட்டி நீங்க கரையில இருங்க. எங்கட களிசான ஏன் கொண்டு போறீங்க?"

இந்தத் தொழிலில் பிழையாகச் செய்தாலும் ஆள் ஏசுவார், சரியாகச் செய்தாலும் அதே ஆள் அதே குரலில் ஏசுவார். அன்று நான் செய்தது இரண்டில் எது என்று சொல்லத்தான் ஒருவரும் கடைக்கு வருவதில்லை.