கேட்டில் பிடிபட்ட பஞ்சு

மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு, இருமினாலும் தும்மினாலும் எனக்குச் சிறுநீர் கசியத் தொடங்கியது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. பஞ்சுத் தூசியில் இருமாமல் இருக்க முடியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அதுவும் போதாமல், மில்லின் கழிவுப் பஞ்சைத் துணியில் சுற்றி உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியேறும்போது, கேட்டில் பெண்களைச் சோதனை செய்யும் அக்காவின் கையில் அது தட்டுப்பட்டுவிட்டது. மில் பஞ்சை வெளியே கொண்டுபோனால் திருட்டு; வேலை போய்விடும். பின்னால் அத்தனை பேர் வரிசையில் நின்றார்கள். "ஆமாக்கா, திருடிட்டேன்" என்றேன். உண்மையைச் சொல்வதைவிட அது எளிதாக இருந்தது.

அவர் என்னைத் தனியே அழைத்துப்போனார். "ஏட்டி, ஈரப் பஞ்சை எவ திருடுவா? எம்புட்டு நாளா இப்படி?"

"ஆறு வருசமாக்கா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் மேலே புகார் சொல்லவில்லை. வார லீவில் அவரே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். "பிரசவத்துல இடுப்புக்கு அடியில இருக்கிற தசை தளர்ந்துருக்கும்மா. சிறுநீரை அடக்குற மாதிரி இறுக்கி, மெதுவா விடணும். மூச்சைப் பிடிக்காதீங்க. தண்ணி நல்லாக் குடிங்க" என்றார் டாக்டர்.

நம்பிக்கையில்லாமல்தான் செய்தேன். மூன்று மாதம் கழித்து ஒருநாள் பலமாக இருமினேன், சேலை நனையவில்லை.

இப்போதும் மிஷின் முன்னால் நின்றபடியே அந்தப் பயிற்சியைச் செய்கிறேன். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பும் பெண்களிடம் நானே போய், "இருமினா கசியுதா?" என்று கேட்கிறேன். ஆறு வருடம் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.