பிழைக்கு ஒரு கோடு

சனிக்கிழமை வகுப்புக்குப் பதினொரு பேர் வந்தார்கள். பத்துப் பேர் ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்கள். ஒருத்தி மட்டும் பரீட்சை எழுதி, முடிவும் வந்தவள். வகுப்பு உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டு முன் அறையில் நடந்தது. கதிரைகள் போதாததால் இரண்டு நீள வாங்குகள் போட்டிருந்தோம்.

வார நாட்களில் நான் சீனன்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் கற்பிக்க எனக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. டிப்ளோமாவை ஆங்கிலத்தில் படித்தவள், கையேடுகளை ஆங்கிலத்தில் வாசிப்பவள் என்பதுதான் என் தகுதி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தொடங்கிய பாடம் ஒரு வருடத்தில் பதினொரு பேருக்கு வந்துவிட்டது.

பயிற்சி இல்லாததால் தெரிந்த முறையைக் கையில் எடுத்தேன். வேலைத்தளத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பழுதுப் பதிவேடு உண்டு. எந்தப் பழுது, எத்தனை தரம் என்று எழுதிவந்தால் இரண்டு மாதத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். வகுப்புக்கும் அப்படி ஒரு தாள் தயாரித்தேன். இடப்பக்கம் பெயர்கள். மேலே பிழை வகைகள்: காலம், ஒருமை பன்மை, சொல் ஒழுங்கு, உச்சரிப்பு. உச்சரிப்பை இன்னும் பிரித்தேன். ஸ்கூலை இஸ்கூல் என்பவர்கள் ஒரு பக்கம், ஃபிஷ்ஷைப் பிஷ் என்பவர்கள் இன்னொரு பக்கம், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குபவர்கள் மற்றொரு பக்கம். ஒருவர் பேசும்போது பிழைக்கு ஒரு கோடு. பாடம் முடிந்ததும் கூட்டி, தாளைச் சுவரில் ஒட்டிவிடுவேன். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. யாருக்கு எத்தனை கோடு என்று பார்த்துக் கேலி செய்துகொள்வார்கள். எழுத்துப் பயிற்சிகளில் புள்ளிகளும் ஏறின.

பரீட்சை முடித்தவள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய பாடசாலையில் அடுத்த இரண்டு வருட உயர்தர வகுப்புக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. கலைப் பிரிவில் படிக்க அவளுக்கு விருப்பமும் இல்லை. வேறு மாவட்டத்தில் உணவுத் தரக் கட்டுப்பாடு பற்றிய ஒரு பயிற்சிநெறிக்கு விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்திருந்தது. பதினைந்து நிமிடம், முழுக்க ஆங்கிலத்தில். தவறினால் அடுத்த அணியை எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் என்னிடம் வந்தாள். ஏழு சனிக்கிழமைகள் இருந்தன.

முதல் நாள் அவள் வரிசையில் நாற்பத்தொரு கோடுகள் விழுந்தன. வகுப்பிலேயே அதிகம் அவளுக்குத்தான். வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டாள். நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் ஒரே காலத்தில் சொல்வாள். தெரியாத ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டேயிருப்பாள். தாளின் பிரதி ஒன்று கேட்டாள். கொடுத்தேன். அடுத்த கிழமை இருபத்தாறு. பிறகு பதினான்கு. நான்காம் கிழமை மூன்று. வேலைத்தளத்தில் இப்படி ஒரு இறக்கம் கண்டால் பொறியியலாளருக்கு அறிக்கை எழுதுவோம். நானும் மற்றப் பிள்ளைகளுக்கு அவளை உதாரணமாகச் சொன்னேன்.

அந்தக் கிழமை அவளுடைய உம்மா தொலைபேசியில் அழைத்தார். அக்கா முறையில் ராத்தா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவது. நன்றி சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

“டீச்சர், இவள் முந்தி பூனையோடயும் இங்கிலீஸ்ல கதைப்பாள். இப்ப வாயைத் திறக்கிறாள் இல்ல. நீங்க குடுத்த பேப்பர் குசினிச் சுவரில அடுப்புக்கு மேல ஒட்டிக் கிடக்கு. அதைப் பாத்துக்கிட்டே நிக்கிறாள்.”

தேர்வு நெருங்குவதால் பயமாக இருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை மற்றவர்கள் போனபின் அவளை இருத்தி, நேர்முகத் தேர்வு போலவே நடத்திப் பார்த்தேன். பன்னிரண்டு கேள்விகள். குடும்பத் தொழில் என்ன என்று கேட்டதற்கு மீன் வியாபாரம் என்று இரண்டு சொல் ஆங்கிலத்தில். ஏன் இந்தப் படிப்பு என்றதற்கு விருப்பம் என்று ஒரு சொல். கேள்வி முடிந்ததும் அவள் உதடு அசையும், கண் மேலே போகும், உள்ளே வசனத்தைச் செய்து சரிபார்க்கிறாள் என்று தெரியும். பிறகு அந்த வசனத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவாள். பன்னிரண்டு பதில்களையும் சேர்த்து இருபத்துமூன்று சொற்கள். ஒரு கோடும் விழவில்லை.

நான் தாளை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மூலையில் இருந்து தலையை மட்டும் ஆட்டும் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் வரிசை முதல் நாளிலிருந்தே வெறுமையாக இருந்தது. ஓடாத பம்பின் பெயரில் பழுது எதுவும் பதிவாகாது என்பது முதலாம் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தந்த விஷயம்.

தாளைக் கழற்றினேன். இனிக் கோடு போடமாட்டேன், பயப்படாமல் வாயைத் திறந்து கதை என்றேன்.

“போடாட்டியும் நீங்க மனசுக்குள்ள எண்ணுவீங்கதானே டீச்சர்,” என்றாள்.

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு சனிக்கிழமைகளே மிச்சம் இருந்ததால் இடையில் ஒரு நாள் வேலை முடிந்ததும் நேராகக் கிண்ணியாவுக்குப் போனேன். வீட்டில் இல்லை, வாப்பாவின் வாடியில் நிற்கிறாள் என்றார் ராத்தா. வாடி என்றால் கடற்கரையில் மீனைப் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்கும் தகரக் கொட்டகை. அவள் பெட்டிகளுக்கு நடுவில் நின்று தம்புள்ளையிலிருந்து வரவேண்டிய லொறியின் சாரதியோடு தொலைபேசியில் சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். லொறி பிந்திவிட்டது, ஐஸ் உருகுகிறது. சாரதி ஏதோ காரணம் சொல்ல, வழியில் ஹபரணையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு டயரின் மேல் பழியைப் போடாதே என்றாள். அந்தப் பக்கம் அவன் சிரித்தது எனக்கும் கேட்டது.

வேலை நிரந்தரமாவதற்காக நான் சிங்களப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவள். இலக்கணம் தெரியும். அவளுடைய சிங்களத்தில் வசனத்துக்கு ஒரு பிழை இருந்தது. பழக்கதோஷத்தில் ஒன்பது வரை எண்ணினேன். அதற்குள் சாரதி குறுக்கு வழியால் வர ஒத்துக்கொண்டுவிட்டான்.

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைக் கண்டாள். உன் சிங்களத்தில் பிழை இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன்.

“நிறைய இரிக்கும். அவனுக்கு விளங்குதே.” பிறகு, “டீச்சர் சிங்களம் பாஸ்தானே? வேலையில கதைப்பீங்களா?” என்றாள்.

“ரெண்டு சொல்லுத்தான். ஹரி, நே.” சரி, இல்லை என்பதற்கு மேல் நான் போவதில்லை.

“ஏன்?”

“பிழை வந்திடும் எண்டு.”

அவள் சிரிக்கவில்லை. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருக்கச் சொன்னாள். எங்கள் பிரிவில் மேற்பார்வையாளர் சிங்களவர், நல்ல மனிதர். என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். நான் பெருமையில் கதைக்காமல் இருக்கிறேன் என்று நினைக்கிறார் என்று கேள்வி. இதையும் அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அப்படியென்றால் இரண்டு பேரும் படிப்போம் என்றாள் அவள். நான் லொறிச் சாரதி, அவள் வாடிக்காரி. அவள் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்க, நான் சிங்களத்தில் காரணம் சொல்ல வேண்டும். நான் காரணம் தேடித் திணறியபோது அவள் விடவில்லை. லொறி எங்கே, ஐஸுக்கு யார் பொறுப்பு, கெட்டுப்போன மீனை உன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாயா என்று ஆங்கிலத்தில் அடுக்கினாள். காலம் பிழை, ஃபிஷ் மறுபடியும் பிஷ். கையில் பேனை இல்லாதது நல்லதாகப் போயிற்று. பெட்டி அடுக்கியவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். வாப்பா மட்டும், “டீச்சர், நீங்க தோத்துட்டீங்க,” என்றார்.

மிச்ச நாட்களில் தினமும் தொலைபேசியில் அரைமணி நேரம் அப்படித்தான். திருத்தம் ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் கடைசியில். வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் தாள் எங்கே என்று கேட்டார்கள். இனி இல்லை என்றேன். சிலருக்குக் கவலை. மூலையில் இருந்தவள் இரண்டு கிழமை கழித்து ஒரு வசனம் சொன்னாள்.

நேர்முகத் தேர்வு நகரத்திலேயே நடந்தது. அரை நாள் விடுமுறை போட்டுவிட்டு ராத்தாவோடு வெளியே காத்திருந்தேன். அவளுக்கு முன்னால் போனவர்கள் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அவள் வர அரைமணி ஆயிற்று. ஐஸ் குறைந்த பெட்டி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம்.

“நான் தொடங்கிட்டன் டீச்சர். மூண்டு பிழை எனக்கே தெரியும். திருத்தப் போனா கதை நிண்டிடும் எண்டு விட்டுட்டுப் போனன். கடைசில அந்த மேடம் போதும் எண்டு கையைக் காட்டினா.”

அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. ராத்தா மட்டும் வழி முழுக்க அந்த மேடம் சிரித்துக்கொண்டு கையைக் காட்டினாரா, சிரிக்காமல் காட்டினாரா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

நேர்முகத் தேர்வு முடிந்து மூன்றாம் சனிக்கிழமை பாடத்தின் நடுவில் அவளுடைய தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். எழுந்து வாசலுக்குப் போய் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். வகுப்பு முழுக்கக் காதைத் தீட்டியது, நானும்தான். நாலைந்து நிமிடம் கதைத்தாள். ஒரு இடத்தில் அவர்களையே மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். உள்ளே வந்து இருந்தபின்தான் இடம் கிடைத்துவிட்டது என்றாள். முதலாம் திகதி போக வேண்டும்.

வேறு என்ன கேட்டாய் என்றேன்.

“ஹொஸ்டல் பத்திக் கேட்டன். கட்டில் இரிக்காம். மெத்தை நாங்கதான் கொண்டுபோகணுமாம். லொறியில போட்டு அனுப்பலாமா எண்டு கேட்டன், ஓமாம்.”